ஆறு கடந்த கொலு

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் இரண்டு ஊர்க்காரர்கள் 'அது எங்கள் நாடுதான்' என்று சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடப்பட்ட ஒரு நாட்டை, மருதவாணர் என்ற மன்னர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் கண் விழிக்கும்போது ஒரு யோசனை தோன்றிவிட்டால், மாலைக்குள் அது சட்டமாகிவிட வேண்டும் அவருக்கு.

அந்த நாட்டில் வருஷத்துக்கு ஒருமுறை, சுங்கப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து ஊர்ப் பொதுவுக்கு ஏதாவது ஒன்று கட்டிக்கொடுப்பது வழக்கம். அதற்கு ஊர்க்கொடை என்று பெயர். எதைக் கட்டுவது என்று முடிவு செய்கிறவர் மந்திரி சந்திரசூடர். அவர் முடிவு செய்ததெல்லாம் எப்படியோ அவர் குடியிருந்த ராஜவீதியிலேயே வந்து நிற்கும். போன வருஷம் அங்கே நாற்பது தூண் வைத்து ஒரு சங்கீத மண்டபம் கட்டினார். ஒருநாள் மன்னர் அந்தப் பக்கம் பல்லக்கில் போனபோது உள்ளே கச்சேரி நடப்பதுபோல் சத்தம் கேட்டது. இறங்கி எட்டிப் பார்த்தார். மழைக்கு ஒதுங்கிய கழுதை ஒன்று மேடையேறி நின்று கத்திக்கொண்டிருந்தது. கேட்க வேறு ஆளில்லை.

மறுநாள் காலை கண் விழித்ததும் மன்னருக்கு யோசனை வந்துவிட்டது. சபையில் அறிவித்தார்.

"இவ்வருஷம் ஊர்க்கொடை எதற்குப் போக வேண்டும் என்பதை ஊராரே தீர்மானிக்கட்டும். வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. எந்தக் குடத்தில் கொட்டை அதிகமாக விழுகிறதோ, அந்த வேலை நடக்கும்."

மந்திரியின் முகம் விழுந்தது. ஆனால் வருஷக்கணக்காகச் சபையில் உட்கார்ந்தவர், விழுந்த முகத்தை உடனே எடுத்து மாட்டிக்கொண்டார். "பிரபுவின் பெருந்தன்மையே பெருந்தன்மை" என்றார்.

ஊரிலிருந்து வந்த விண்ணப்பங்களில் இரண்டு தேறின. ஒன்று, ராஜவீதி முனையில் தங்கக் கலசம் வைத்த அலங்கார வளைவு. இன்னொன்று, ஆற்றுக்கு ஒரு கல் பாலம். பாலம் கேட்டவர்கள் அக்கரைக்காரர்கள். குயவர்களும் காய்கறி போடுகிறவர்களுமாக அங்கே முந்நூறு வீடு. தினமும் விடியலில் பரிசலேறி வந்து சட்டிபானையும் கீரையும் விற்றுவிட்டுப் போவார்கள். ஐப்பசியில் வெள்ளம் வந்தால் இரண்டு மாதம் பரிசல் போகாது. அந்த இரண்டு மாதமும் அக்கரையில் யாருக்கு என்ன ஆனாலும் இக்கரையிலிருந்து யாரும் போக முடியாது.

அந்த அக்கரையில் பிறந்தவன்தான் அரசவை விகடகவி திருமேனி. திருமேனி என்றால் யாருக்கும் தெரியாது. ஒற்றைக் கடுக்கன், சுருக்கமாகக் கடுக்கன், என்றால் தெரியும். வலது காதில் மட்டும் கடுக்கன், இடது காது மூளி. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வான். அரைச் சம்பளத்துக்கு அரைக் காதுதான் கட்டுப்படியாகிறது என்று ஒருமுறை மன்னரிடமே சொல்லி, சம்பளத்தைக் கூட்டிக்கொண்டான். உண்மையான காரணத்தை மட்டும் அவன் யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷ வெள்ளத்தில் அவன் தங்கை செங்கமலத்துக்கு அக்கரையில் பிரசவ வலி எடுத்தது. இரண்டு நாளாகியும் குழந்தை பிறக்கவில்லை என்று அங்கிருந்தே கத்திச் சொன்னார்கள். அவன் வைத்தியரை இழுத்துக்கொண்டு துறைக்கு ஓடினான். ஒரு காதுக் கடுக்கனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பரிசல்காரர்களிடம் கெஞ்சினான். தண்ணீரைப் பார்த்த யாரும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. குழந்தை செத்தே பிறந்தது. செங்கமலம் பிழைத்தது ஏதோ அவள் ஆயுசு. கழற்றிய கடுக்கனை அவன் ஆற்றிலேயே எறிந்துவிட்டான். இப்போது அவள் மறுபடி ஏழு மாதம்.

இரண்டு நாள் கழித்து மந்திரி சபையில் ஓர் ஓலையை விரித்தார். "பிரபு, சூதுவாது நடக்காமலிருக்க நான்கு விதிகள் எழுதியிருக்கிறேன். ஒன்று, கொட்டையை வீட்டுக்குடையவர் தம் கையாலேயே போட வேண்டும். இரண்டு, மன்னர் கொலுவிருக்கும் இடத்தில், மன்னர் கண்முன் போட வேண்டும். மூன்று, உதய முரசு ஒலித்ததும் தொடங்கி உச்சி முரசு ஒலித்ததும் முடிக்க வேண்டும். நான்கு, நாள் ஐப்பசி அமாவாசை."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மன்னர் முத்திரை வைத்துவிட்டார். மை காய்வதற்குள் கடுக்கன் எழுந்தான்.

"பிரபு, ஐப்பசி அமாவாசையில் ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடும். பாலம் கேட்கிறவர்கள் பாலம் இல்லாமல் எப்படி வந்து கொட்டை போடுவார்கள்?"

"விதி எல்லோருக்கும் ஒன்றுதான்" என்றார் மந்திரி. "அவ்வளவு பரிவிருந்தால் விகடகவியே அவர்களை மன்னர் முன் நிறுத்தட்டும். முடியாவிட்டால் சபையில் தம் ஆசனத்தை விட்டு, நாட்டையும் விட்டுப் போகட்டும்."

மன்னருக்கு இந்த மாதிரிப் பந்தயம் என்றால் உயிர். "சம்மதமா, கடுக்கா?" என்று கேட்டவர், பிறகு என்ன நினைத்தாரோ, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "ஆனால் ஒன்று. ஒரு புளியங்கொட்டைக்காக என் குடிகள் வெள்ளத்தில் போவதை நான் விரும்பவில்லை. அன்று கொட்டை போடுவதற்காக அவர்களில் ஒருவர்கூட ஆற்றில் கால் வைக்கக் கூடாது. பரிசலேறவும் கூடாது. இரு கரைக்கும் இதுவே என் ஆணை."

நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் இருந்த ஒரு வழியும் அதோடு அடைபட்டது. மந்திரி தம் மீசைக்குள் சிரித்தார். "அப்படியே ஆகட்டும், பிரபு" என்று சொல்லிவிட்டுக் கடுக்கன் உட்கார்ந்தான்.

வெள்ளம் வருவதற்குப் பத்து நாள் முன்பு அவன் அக்கரைக்குப் போனான். பரிசல்காரன் வேம்பையனைத் தனியே கூப்பிட்டுப் பேசினான். கோயில் தர்மகர்த்தாவின் காலைப் பிடித்துத் தேர்வடத்தை இரவல் வாங்கி, துறையின் இந்தப் பக்கத்து மருத மரத்துக்கும் அந்தப் பக்கத்து மருத மரத்துக்குமாக இழுத்துக் கட்டினான். செங்கமலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னண்ணே பண்றே? உனக்கு என்னமாச்சும் ஆயிடுமோன்னு பயமா இருக்கு."

"ஒண்ணும் ஆகாது புள்ளே. அமாவாசையன்னிக்கு விடியக்காலையில வீட்டுக்கு ஒருத்தரா எல்லாரையும் கையில புளியங்கொட்டையோட ஆத்தங்கரைக்கு வரச் சொல்லு. தண்ணியில யாரும் இறங்க வேணாம்."

"இறங்காம எப்படி ராசா முன்னாடி நிக்கிறது?"

"அது என் பாடு" என்றான் கடுக்கன்.

அமாவாசை வந்தது. அவன் சொன்னபடியே ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. கிழக்கு வெளுக்கும் முன்பே கடுக்கன் மன்னரின் பள்ளியறை வாசலில் நின்றான்.

"பிரபு, அக்கரைக்காரர்கள் முந்நூறு பேரும் தயார். ஒருவர் காலிலும் ஈரமில்லை. ஒருவரும் பரிசலேறவில்லை. மன்னர் கொலுவிருக்க வேண்டியதுதான் பாக்கி."

மன்னர் பரபரப்போடு வெளியே வந்தார். "எங்கே அவர்கள்?"

"அக்கரையில், பிரபு. மந்திரியார் விதியில் கொலுவிருக்கும் இடம் என்றுதான் இருக்கிறது. அரண்மனை என்று இல்லை. தாங்கள் உட்காரும் இடம்தானே கொலு? குடிகள்தாம் பரிசலேறக் கூடாது என்று தங்கள் ஆணை. மன்னர் ஏறக் கூடாது என்று யாரும் ஆணையிடவில்லை."

மன்னர் சிரித்தார். ஆற்றின் இரைச்சல் காதில் விழுந்ததும் சிரிப்பு நின்றது. "வெள்ளம் பலமோ?"

"பலம்தான், பிரபு. தேர்வடம் கட்டி, பிடிக்க நாற்பது பேரை நிறுத்தியிருக்கிறேன். தங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தங்களுக்குப் பயமாக இருந்தால் சொல்லிவிடுங்கள். தங்களைக் குறை நினைக்க மாட்டேன். இப்படியே நாட்டை விட்டுப் போய்விடுகிறேன்." அதைச் சொல்லும்போது அவன் குரலில் விகடம் இல்லை. மன்னர் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு மேலாடையை இழுத்துக் கட்டிக்கொண்டு நடந்தார்.

பரிசல் ஏறியவர்களுக்குத் தெரியும், அது நேராகப் போகிற வாகனமில்லை. சுற்றிக்கொண்டேதான் போகும். மன்னருக்கு ஒருமுறை அரண்மனை தெரிந்தது, ஒருமுறை அக்கரை தெரிந்தது, நடுவில் வானம் தெரிந்தது. பரிசலை இழுத்துப் பிடித்திருந்த வடம் முறுகும் சத்தம் கேட்டது. மகுடத்தை ஒரு கையாலும் விகடகவியை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டார். முரசுக்காரன் எதிரே முரசைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். இரண்டு குடங்களும் காலடியில் உருண்டன.

"கண்ண மூடாதீங்க சாமி" என்றான் வேம்பையன். "மூடினா இன்னும் சுத்தும். அக்கரையையே பாருங்க."

மன்னர் அக்கரையையே பார்த்தார். முந்நூறு பேர் கரையோரம் வரிசையாக நின்றார்கள்.

உதய முரசு அக்கரையில் ஒலித்தது. அரண்மனையில் காலி சிம்மாசனத்தின் அருகே காத்திருந்த மந்திரிக்கு அது ஆற்றுப் பக்கத்திலிருந்து ஏன் கேட்கிறது என்று விளங்கச் சற்று நேரமானது. துறைக்கு ஓடிவந்து பார்த்தால், எதிர்க்கரையில் வெண்கொற்றக் குடை. அதன் கீழே கவிழ்த்துவைத்த பெரிய பானை. பானை மேல் மன்னர்.

"பிரபு, பரிசலை அனுப்புங்கள்" என்று கத்தினார் மந்திரி.

"இன்று குடிகள் யாரும் பரிசலேறக் கூடாதென்று ஆணையிட்டிருக்கிறேனே" என்று மன்னர் திருப்பிக் கத்தினார். அவருக்கு இப்போது தலைசுற்றல் நின்று குஷி பிறந்திருந்தது.

"கொட்டையையாவது ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன்."

"தம் கையாலேயே போட வேண்டும், மந்திரியாரே. முதல் விதி."

அக்கரை முழுக்கச் சிரித்தது. வரிசை நகர்ந்தது. பாலக் குடத்தில் கொட்டை விழுந்துகொண்டே இருந்தது. வளைவுக் குடத்தில் ஒன்றுகூட இல்லை. கடுக்கன் முதல்முறையாக நிம்மதியாக மூச்சுவிட்டான். உச்சி முரசு ஒலித்துவிட்டால் பாலம் கைக்கு வந்த மாதிரி.

கடைசியாகச் செங்கமலம் வந்தாள். இந்த வைகாசியில் அவள் புருஷன் களிமண் வெட்டும்போது குழி சரிந்து செத்துப்போனான் என்பதால் வீட்டுக்குடையவள் அவள்தான். கொட்டையைப் பாலக் குடத்தில் போட்டாள். ஆனால் நகரவில்லை.

"சாமி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேள் அம்மா."

"அந்தக் கரையில நிக்கிறவங்க எப்போ போடுவாங்க?"

கடுக்கனுக்குத் திக்கென்றது. "நீ போ புள்ளே" என்றான் பல்லுக்குள்.

"இல்லண்ணே. எங்களால வர முடியாதுன்னுதானே அவுக நாள் குறிச்சாக? இப்போ அவுகளால வர முடியல. பாலம் எனக்கு வேணும் சாமி. ஒரு புள்ளைய இந்த ஆத்துக்குக் குடுத்துட்டேன், இன்னொண்ணு வயித்துல இருக்கு. ஆனா ஏமாத்தி வாங்குன பாலம்னு அவுக நாளைக்கிச் சொன்னா, அதுல நான் எப்படி நடப்பேன்?"

அரண்மனைக் கரையில் வீடுகள் இரண்டு பங்கு அதிகம். அது அவளுக்கும் தெரியும். கடுக்கனுக்குத் தங்கை மேல் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போய், அவள் பேசியதைத் தான் பேசவில்லையே என்ற வெட்கம் வந்தது.

முரசுக்காரன் சூரியனைப் பார்த்துக் குறுந்தடியை ஓங்கினான். மன்னர் எழுந்து தடியைப் பிடித்தார்.

"மூன்றாம் விதி என்ன சொல்கிறது, கடுக்கா?"

"உச்சி முரசு ஒலித்ததும் முடிக்க வேண்டும், பிரபு."

"முரசு ஒலிக்கவில்லையே. ஒலிக்கும்வரை நேரம் இருக்கிறதல்லவா?" மன்னர் தம் விகடகவியைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "முரசைத் தூக்கு. குடங்களையும் தூக்கு. கொலு அரண்மனைக் கரைக்குப் போகிறது."

மறுபடி அதே பரிசல், அதே சுற்று. மாலை வரை அரண்மனைத் துறையில் வரிசை நின்றது. ராஜவீதிக்காரர்கள் முதலில் வந்து வளைவுக் குடத்தில் போட்டார்கள். கடுக்கன் திரும்பி நின்றுகொண்டான். பார்க்கத் தைரியமில்லை. பிறகு சந்தைக்காரர்கள் வந்தார்கள், நெசவாளர்கள் வந்தார்கள், வண்டிக்காரர்கள் வந்தார்கள். வெள்ளம் வந்தால் இவர்களுக்கும் கீரை இல்லை, காய் இல்லை, உடைந்த பானைக்கு மாற்றுப் பானை இல்லை. இரண்டு மாதம் வற்றல் குழம்பு தின்று வெறுத்துப்போன நாக்குகள் அந்த வரிசையில் நிறைய இருந்தன. அக்கரையில் அந்தப் பெண் பேசியதை வேம்பையன் வரிசை நெடுகச் சொல்லிக்கொண்டே போனான். அதைக் கேட்டுவிட்டு ராஜவீதிக்காரர் இரண்டு பேர், தங்களுக்கு இன்னொரு கொட்டை கிடைக்காதா என்று கேட்டார்கள். கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் மன்னர் தம் கையாலேயே உச்சி முரசை அடித்தார். உலகத்தில் அந்தி வேளையில் ஒலித்த உச்சி முரசு அது ஒன்றுதான். பாலக் குடத்தை இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. வளைவுக் குடத்தை மந்திரி தாமே இடுக்கிக்கொண்டு போகலாம்.

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். "கடுக்கா, பந்தயம் உன்னுடையது. இந்தா, உன் மூளிக் காதுக்கு" என்று தம் காதிலிருந்து வைரக் கடுக்கனைக் கழற்றினார். "இப்போதாவது சொல். மற்றது எங்கே போயிற்று?"

கடுக்கன் வழக்கம்போல ஏதோ வேடிக்கை சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. துறையில் நின்று நடந்ததை அப்படியே சொன்னான். கேட்டு முடித்த மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல் பாலம் கட்ட ஒரு வருஷமாகும், பிள்ளை வர ஒரு மாதம்தான் இருக்கிறது என்று அவருக்கும் புரிந்தது.

மறுநாள் காலை பரிசலில் அரண்மனை வைத்தியர் ஏறினார். வெள்ளம் வடியும்வரை அக்கரையில் தங்க வேண்டும் என்று உத்தரவு. போகிற வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர், இறங்கியதும் முதல் வைத்தியம் தமக்கே செய்துகொண்டார். கார்த்திகைக் கடைசியில் செங்கமலத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று அக்கரையிலிருந்து கத்தினார்கள். இக்கரையில் கடுக்கன் தரையில் உட்கார்ந்து அழுதான்.

வைரக் கடுக்கனை அவன் அப்போதும் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த ஐப்பசியில் பாலம் முடிந்தது. கீழே வெள்ளம் இரண்டு கரையும் தொட்டு ஓடியது. முதலில் யார் நடப்பது என்று மந்திரி சம்பிரதாயம் பேசத் தொடங்கும் முன்பே, அக்கரையிலிருந்து செங்கமலம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்துவிட்டாள். அவன் தன் மடியிலிருந்து வைரக் கடுக்கனை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவள் அதை அண்ணன் காதில் மாட்டிவிட்டாள். குழந்தை உடனே கையை நீட்டி அதைப் பிடித்து இழுத்தது. அவன் "ஐயோ" என்றான். மன்னர் சிரித்த சிரிப்பு இரண்டு கரைக்கும் கேட்டது.

அன்றுமுதல் அவனுக்கு இரண்டு காதிலும் கடுக்கன். ஆனால் அந்த ஊரில் சாகும்வரை அவனை ஒற்றைக் கடுக்கன் என்றேதான் கூப்பிட்டார்கள்.