நீலமேகத்தின் தலைமுடியும் ஓடாத கம்ப்யூட்டரும்

துறையூரில் நீலமேகம் என்று ஒரு கல்யாண போட்டோக்காரன் இருந்தான். எத்தனையோ மாப்பிள்ளைகளைத் தலைவாரச் சொல்லிப் படம் பிடித்தவன், இன்னும் பன்னிரண்டு நாளில் தானே மாப்பிள்ளையாக உட்கார வேண்டியவன். அவன் தலைமுடியைப் பற்றிச் சொன்னால் அளக்கிறேன் என்பீர்கள். அதற்குள் ஒருமுறை தொலைந்த சீப்பு மூன்றாம் நாள்தான் கிடைத்தது.

யாரோ பாட்டு ஏற்றிக் கொடுத்த பென் டிரைவை அவன் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் செருகினான். பாட்டோடு வைரஸும் ஏறிக்கொண்டது. லேசுப்பட்ட வைரஸ் இல்லை. பக்கத்துக் கடை ஜெராக்ஸ் மெஷின் மூன்று தடவை தும்மியது, நான் எண்ணினேன். மறுநாள் காலை பொத்தானை அழுத்தினால் உள்ளே ஃபேன் மட்டும் சுற்றியது. திரை கருப்பாகவே நின்றது. ஒரு வீட்டுக் கல்யாணப் படங்கள் நாலாயிரம் அதற்குள் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை.

செய்தி கேட்டு அவன் அம்மா பொன்னரசி ஓடிவந்தார். கம்ப்யூட்டருக்குத் திருநீறு பூசி, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து அதன் தலையில் வைத்து, வாய்விட்டு வேண்டினார்:

“சமயபுரத்தாளே, இந்தக் கம்ப்யூட்டர் எந்திரிச்சு ஓடணும். ஓடினா என் மகன் முடியை உனக்குத் தர்றேன்.”

பக்கத்தில் நின்ற நீலமேகமும் கண்ணை மூடிக் கும்பிட்டான். அந்த நேரத்தில் கழுத்தைக் கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பான்.

பிறகு மெக்கானிக் ஜாபர் வந்து பெட்டியைத் திறந்தார்.

“அம்மா, திருநீறை வெளிய பூசுங்க, வேணாங்கல. ஃபேனுக்குள்ள ஏன் போட்டீங்க?”

“உள்ளதானே நோவு?” என்றார் பொன்னரசி.

ஜாபர் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டினார். வைரஸை ஒழித்துப் பார்த்தால், படங்கள் ஒன்றுகூடக் குறையவில்லை. எல்லாவற்றையும் நகலெடுத்துக் கொடுத்தார்.

“இதுல இருந்த விண்டோஸைத்தான் வைரஸ் தின்னுட்டுப் போயிருக்கு. புதுசா ஏத்துறேன் தம்பி, ஒரு மணி நேரத்துல ஓடும்.”

நீலமேகம் பாய்ந்து அவர் கையைப் பிடித்தான். “ஏத்தாதீங்க பாய்! படம் வந்துடுச்சுல்ல, போதும். அது ஓடவே வேணாம்.”

“பாதியில விட்டுட்டுப் போனா என்னை எவன் மெக்கானிக்னு சொல்வான்?”

பொன்னரசிக்குப் புரிந்துவிட்டது. “ஏன்டா, நான் கேட்டது அந்தப் படத்துக்காகத்தானே? வந்தாச்சு. இந்த வெள்ளிக்கிழமையே மொட்டை போட்டுடணும்.”

“நீ வாய்விட்டுக் கேட்டது கம்ப்யூட்டரைம்மா. அது ஓடல. ஓடாத வரைக்கும் முடி என்னுது.”

“சாமிகிட்டயே வக்கீல் வேலை பாக்குறியா?”

விஷயம் கல்யாணப் பெண் கயல்விழியின் காதுக்கு எட்டியது. அவள் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அத்தை, எந்த நாளுக்குள்ளன்னு சொல்லி வேண்டிக்கிட்டீங்களா?”

“நாள் எதுவும் சொல்லலம்மா.”

“அப்ப கம்ப்யூட்டரை ஓட வைங்க. முடியைக் குடுத்துடலாம். தாலி கட்டினப்புறம்.”

ஜாபர் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தபடி அம்மாவையும் மகனையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். நீங்களும் பாருங்கள். அம்மா உடனே கொடு என்கிறார். மகன் கொடுக்கவே வேண்டாம் என்கிறான். வரப்போகிறவள் கல்யாணம் முடியட்டும் என்கிறாள். இதில் யார் சொன்னது சரி?

விடை: கயல்விழி சொன்னதுதான். கம்ப்யூட்டர் ஓடினால் முடி போகும் என்று நம்பாதவன் அதை ஏன் ஓடவிடாமல் தடுக்க வேண்டும்? ஜாபரைத் தடுத்தபோதே நீலமேகம் வேண்டுதலை ஒப்புக்கொண்டுவிட்டான். ஆசைப்பட்டது நடந்தபின் கொடுக்க வேண்டும் என்ற மட்டில் பொன்னரசி சொன்னது நியாயம். ஆனால் சாமிக்குச் சொல்லாத தேதியை மகனுக்கு மட்டும் சொல்கிறார். கயல்விழி ஒருத்திதான் வேண்டுதலில் எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. ஜாபர் விண்டோஸை ஏற்றினார், கம்ப்யூட்டரும் ஓடியது. தாலி கட்டிய அன்று சாயங்காலம் நீலமேகம் மெதுவாக, “தேதிதான் இல்லையே, ஒரு வருஷம் போகட்டுமே” என்று இழுத்தான். “காலையில ஆறு மணிக்கு பஸ்சு” என்றாள் அவள்.