தகரக் கூரையில் நடந்தவள்

மொட்டைக் குன்றின் அடிவாரத்தில் தகரக் கூரை வேய்ந்த மடம் ஒன்று இருந்தது. உலகம்மை என்ற துறவி அதில் வாழ்ந்து வந்தார். அவருக்கு நாற்பது வயதுக்குள்தான். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த கொம்பையாவுக்கோ அறுபது தாண்டிவிட்டது. லாரி ஓட்டிப் பிழைத்த மனிதர். மனைவி ஆவுடையம்மாள் இறந்தபின் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் கிளம்பி வந்துவிட்டார்.

வந்த அன்று சாயங்காலமே அதைக் கேட்டார். வெயில் இறங்கி, குன்றின் நிழல் முற்றத்தில் பரவும் நேரம். கூரைமேல் யாரோ நடந்தார்கள். டக். சற்றுப் பொறுத்து இன்னொரு டக். ஒரு காலை அழுத்தி, மறு காலை மெல்ல வைக்கிற நடை.

ஆவுடையம்மாள் அப்படித்தான் நடப்பாள்.

பிறகு தினமும் அந்த நேரத்தில் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். தட்டில் சோறு காய்ந்துபோகும். நடை மேற்கு ஓரத்தில் தொடங்கி, அவர் தலைக்கு மேலே வந்து, கிழக்கே போய் அடங்கும். அதுவரை மடம் முழுவதும் தண்ணீருக்குள் கிடப்பதுபோல அவருக்குத் தோன்றும். "ஆவுடை" என்று கூப்பிட்டுப் பார்ப்பார். நடை நிற்காது. பதிலும் வராது.

ஒருநாள் தாங்க முடியாமல் குருவிடம் போனார்.

"அம்மா, கூரைமேல நடக்கிறது யாரு?"

"ஏறிப் பாருங்க ஐயா."

கொம்பையா மறுநாள் ஏறினார். பார்ப்பதற்காக அல்ல. கையில் சுத்தியலும் மடி நிறைய ஆணியும் வைத்திருந்தார். ஒரு தகடுகூட அசையாதபடி எல்லாவற்றையும் சட்டத்தோடு சேர்த்து இறுக அறைந்தார். உலகம்மை முற்றத்தில் நின்று பார்த்தார். தடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் கூரை வாய் திறக்கவில்லை. கொம்பையா வயிறாரச் சாப்பிட்டார். ஆனால் படுத்தபின் கண்ணோரம் ஈரமாக இருந்தது. ஏனென்று அவருக்கே தெரியவில்லை.

கோடை முற்றியது. ஒரு பிற்பகல் திடீரென்று மழை கொட்டியது. மடத்துக்குள் தண்ணீர் ஊற்றியது. அரிசி மூட்டை நனைந்தது, பாய்கள் மிதந்தன.

மழை விட்டதும் இருவரும் ஏறிப் பார்த்தார்கள். தகடுகள் நடுவில் புடைத்திருந்தன. ஆணி இறங்கிய பல இடங்களில் கிழிந்திருந்தது.

"நான் செஞ்ச வேலைதான்," என்றார் கொம்பையா. "சத்தம் நின்னா போதும்னு நினைச்சேன்."

உலகம்மை ஒரு கிழிசலில் விரலை வைத்தார். "பகல்ல சூடேறித் தகரம் நீளுது. சாயங்காலம் ஆறிச் சுருங்குது. ரெண்டுக்கும் நகர இடம் வேணும். நகரும்போது சத்தம் வரும்."

கொம்பையா தானும் அந்தக் கிழிசலைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப அது அவ இல்லியா?"

"இல்ல ஐயா."

"வெறும் தகரமா?"

"தகரம்தான்."

அவர் ஈரக் கூரைமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மனைவியைப் புதைத்த அன்றுகூட அப்படி அழுததில்லை. உலகம்மை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கத் தொடங்கினார். அழுகை ஓய்ந்ததும் கொம்பையாவும் கீழே போய் ஒரு அரத்தை எடுத்து வந்து, கிழியாத தகடுகளில் ஓட்டைகளை ஆணியைவிடப் பெரிதாக ராவினார்.

"இப்படிச் செஞ்சா மறுபடி சத்தம் வருமே அம்மா?"

"வரும்."

"எத்தனை நாளைக்கு?"

உலகம்மை அரம் பட்ட ஓட்டையிலிருந்து தூளை ஊதினார்.

"வெயில் பட்ட தகரம் ஐயா. சாயங்காலம் கொஞ்சம் பேசத்தான் செய்யும்."