பிரிட்டோவைப் பத்திரமாகக் கூட்டிவந்தோம்

முட்டாள்களின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதைத் தள்ளி நின்று பார்த்தவர்களாக இருப்பார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. நாலு பேரில் நானும் ஒருவன். எங்களில் யார் அறிவாளி என்ற பேச்சு அடிக்கடி வரும். முதல் மூன்று இடங்களுக்குச் சண்டை நடக்கும். நாலாவது இடம் எனக்கு என்பதில் மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது.

இங்கிலாந்தின் வடக்கே, மழைக்குப் பெயர்போன ஓர் ஊரில் படிக்கப் போயிருந்தோம். கோமதிநாயகம் அண்ணனுக்கு அம்பாசமுத்திரம். ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர். எங்களுக்கு மூன்று வாரம் முன்னாலேயே அங்கே வந்து இறங்கியவர். அதனால் இங்கிலாந்தைப் பற்றி அவர் சொல்வதே முடிவு. செண்பகவல்லிக்குக் கோவில்பட்டி. எதையும் இரண்டு தடவை நிதானமாகப் படித்த பிறகுதான் தப்பாகப் புரிந்துகொள்வாள். பிரிட்டோவுக்கு மணப்பாடு. பெரியவர்கள் சொல்லைத் தட்டவே மாட்டான். நான் பூவராகன், ஸ்ரீமுஷ்ணம்.

ஜூலை மாதம், வெளிநாட்டு மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் ஹில்டா அம்மையாரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கிராமத்தில் கோடைத் திருவிழா. பஸ்ஸில் போய்விட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம். விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கவும்.

பிரிட்டோ மட்டும் தயங்கினான். மறுநாள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவனுக்கு வாய்மொழித் தேர்வு. கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுப்பதைப் பற்றி ஒரு வருஷம் உட்கார்ந்து ஆய்வேடு எழுதியிருந்தான். அந்தத் தேர்வுக்குப் போகாவிட்டால் பட்டம் கிடையாது, வெறுங்கையோடு ஊருக்குப் போக வேண்டியதுதான். மணப்பாட்டில் அவன் அம்மா ஏற்கெனவே சொந்தக்காரர்களுக்கெல்லாம் விருந்துக்குச் சொல்லிவிட்டாள்.

"நாங்க மூணு பேர் இருக்கோம்லா?" என்றார் கோமதிநாயகம் அண்ணன். "சாயங்காலம் உன்னையப் பத்திரமாக் கூட்டிட்டு வந்து சேக்க வேண்டியது என் பொறுப்பு. இது என் வாக்கு."

அண்ணன் வாக்குக் கொடுத்த பிறகு பிரிட்டோவால் என்ன சொல்ல முடியும்.

மெயிலோடு ஒரு பக்கத்துக்கு விதிமுறைகள் வந்திருந்தன. சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேரும் சமையலறையில் கூடி அதைப் படித்தோம். முதல் விதி: வானிலை மாறிக்கொண்டே இருக்கும், அடுக்கடுக்காக உடை உடுத்தி வரவும்.

"எத்தனை அடுக்குன்னு போடலையே" என்றாள் செண்பகவல்லி.

"போடாட்டி என்ன? குறைஞ்சாத்தான் தப்பு. கூடுனா யாரும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல" என்றார் அண்ணன்.

மறுநாள் காலை கூடுதலாகவே போட்டுக்கொண்டோம். எனக்கு நாலு சட்டை, மூன்று பேன்ட், இரண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு மழைக்கோட்டு. பிரிட்டோ அதற்கு மேல் நீல நிறத்தில் ஒரு பெரிய கோட்டும், காதை மூடும் கம்பளித் தொப்பி இரண்டும் போட்டுக்கொண்டான். எல்லாம் போட்டு முடித்த பிறகு எங்கள் யாருக்கும் கை கீழே இறங்கவில்லை. இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டே நின்றது. நடந்தால் கதவில் இடித்தது. பக்கவாட்டில் திரும்பி வெளியே போனோம்.

இரண்டாவது விதி: மதியச் சாப்பாட்டைப் பேக் செய்து எடுத்து வரவும்.

"சும்மா ஒரு டப்பாவுல போட்டா அது பேக்கிங் ஆகுமா?" என்று நான்தான் கேட்டேன். சென்னை விமான நிலையத்தில் பெட்டிகளைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தருவதை எல்லாரும் பார்த்திருந்தோம். அதுபோலவே புளியோதரையைச் சுற்றி, அதற்கு மேல் பழுப்பு டேப்பைப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினோம். திறக்கக் கத்தி வேண்டுமே என்று செண்பகவல்லிக்குச் சரியான நேரத்தில் ஞாபகம் வந்தது. ஒரு சின்னக் கத்தியையும் எடுத்துப் புளியோதரைக்குப் பக்கத்திலேயே வைத்துச் சுற்றினோம்.

மூன்றாவது விதி: ஆளுக்கு ஒரு துணை. எக்காரணம் கொண்டும் துணையை விட்டுப் பிரியக் கூடாது. எனக்குத் துணை பிரிட்டோ. செண்பகவல்லிக்கு அண்ணன். நான் கடமை தவறாதவன். வழியில் பஸ் நின்ற இடத்தில் பிரிட்டோ கழிவறைக்குப் போனபோதுகூட, கதவுக்கு அடியில் கையை விட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்ற வெள்ளைக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, அவசரம் இல்லை என்று போய்விட்டார்.

கிராமத்தில் நல்ல வெயில். அந்த ஊர் ஆட்கள் அரைக்கால் சட்டையோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் பேண்டு வாத்தியம், ஒரு பக்கம் கேக் கடைகள். மைதானத்தின் ஓரத்தில் கல்சுவரை ஒட்டி வரிசையாக வைக்கோல் பொம்மைகள். நம் பக்கம் சோளக்கொல்லையில் காக்கை விரட்ட நிறுத்துவார்களே, அதே பொம்மைகள். அங்கே அதற்குப் போட்டி வைத்துப் பரிசு கொடுக்கிறார்கள். கடைசியில் நின்ற பொம்மைக்குக்கூட நீலக் கோட்டு, தொப்பி, கழுத்தில் கம்பளித் துண்டு.

அந்தப் பொம்மைக்குப் பக்கத்தில் நாங்கள் நின்றபோதுதான் எங்களோடு வந்த ஒரு பெண்ணைத் தேனீ கொட்டிவிட்டது. ஹில்டா அம்மையார் அவளைத் தாங்கிக்கொண்டே எங்களைப் பார்த்து, "நீங்கள் நாலு பேரும் இங்கேயே நில்லுங்கள். அசையாதீர்கள். ரெண்டு டிக்கில் வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார். சீக்கிரம் வருவதை அந்த ஊரில் அப்படிச் சொல்வார்களாம், அது பிற்பாடுதான் தெரிந்தது.

அண்ணன் தன் கடிகாரத்தைக் காதருகே கொண்டுபோக முயன்றார். கை மடங்கவில்லை. செண்பகவல்லி காதைக் கொண்டுபோய் அதில் வைத்தாள். டிக், டிக் என்றது.

"ரெண்டு டிக் முடிஞ்சிட்டுண்ணே. அவங்க வரல."

"அது அவங்க தப்பு" என்றார் அண்ணன். "அசையாதேன்னது நமக்குச் சொன்னது. நம்ம பக்கம் குறை வரக் கூடாது."

அசையாமல் நின்றோம். பிரிட்டோ கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. நாலு சட்டையும் நனைந்து ஸ்வெட்டரை நோக்கி வேர்வை போனது. பசி வேறு. புளியோதரைப் பொட்டலம் காலடியில் கிடந்தது. அசையலாம் என்றாலும் அதைத் திறந்திருக்க முடியாது என்பதால் அதில் பெரிய நஷ்டமில்லை. ஒரு காக்கை வந்து கோமதிநாயகம் அண்ணன் தலையில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் போயிற்று.

ஒரு மணிக்கு மேல் இருக்கும். பூத்தொப்பி வைத்த ஓர் அம்மாவும் மீசைக்காரர் ஒருவரும் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்கள். பொம்மைப் போட்டியின் நடுவர்கள். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். மீசைக்காரருக்குக் கண் நன்றாகத் தெரியும், ஆனால் அந்த அம்மா சொன்னதற்கு மறுத்துப் பேசிப் பழக்கமில்லை போலிருக்கிறது.

"இந்த நாலும் யார் செய்தது? பெயர்ச்சீட்டைக் காணோமே" என்றார் அந்த அம்மா.

"இது உயிருள்ள மாதிரி..." என்று மீசைக்காரர் ஆரம்பித்தார்.

"ஆமாம், பெண் பொம்மை அப்படித்தான் இருக்கிறது. அதற்கு மூன்றாம் பரிசு. கண்ணைச் சிமிட்டாத இது இன்னும் மேல். இதற்கு இரண்டாவது." அவர் பிரிட்டோ வயிற்றில் பென்சிலால் குத்திப் பார்த்தார். "நன்றாக அடைத்திருக்கிறார்கள்."

முதல் பரிசு, பிரிட்டோவை அடுத்து நின்ற நீலக்கோட்டுப் பொம்மைக்குப் போனது. உள்ளூர்த் தையல் சங்கத்தார் செய்தது. பிறகு அந்த அம்மா என் முன்னால் வந்து ரொம்ப நேரம் நின்றார்.

"இதன் முகம் சரியாக வரவில்லை" என்றார். "ஒரு யோசனையும் இல்லாத முகம். மனிதன் என்று யாரும் நம்ப மாட்டார்கள்."

பாவப்பட்டு எனக்கு ஓர் ஊக்கப் பரிசு ரிப்பனைக் குத்திவிட்டுப் போனார். கோமதிநாயகம் அண்ணனுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அவர் முகம் வாடியது எனக்குத் தெரியும். ஆனால் திரும்பி ஆறுதல் சொல்ல அனுமதி இல்லை.

அப்போதுதான் மழை வந்தது. தூறல் இல்லை, குடத்தோடு கவிழ்த்த மாதிரி மழை. என் மூக்குக்கண்ணாடி முழுக்கத் தண்ணீர். எங்கிருந்தோ ஹில்டா அம்மையாரின் குரல் கேட்டது: "எல்லாரும் துணையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுங்கள்."

அதே நேரத்தில் பூத்தொப்பி அம்மா, பரிசு வாங்கிய பொம்மைகளை முதலில் மண்டபத்துக்குள் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார். இரண்டு ஆட்கள் வந்து பிரிட்டோவைத் தூக்கிப் போய்விட்டார்கள். இரண்டு தொப்பி போட்டிருந்ததால் ஹில்டா அம்மையார் சொன்னது அவன் காதில் விழவில்லை. அசையாதே என்ற பழைய உத்தரவிலேயே இருந்தான். விறைப்பாக இருந்ததால் தூக்க வசதியாம்.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அந்த நேரத்தில் நான் கையை நீட்டினேன். நீலக் கோட்டின் கை கிடைத்தது. பிடித்துக்கொண்டு ஓடினேன். பிரிட்டோ வழக்கத்தைவிட லேசாக இருந்தான். மத்தியானம் சாப்பிடாதது காரணம் என்று நினைத்தேன்.

பஸ்ஸில் அவனை ஜன்னலோரம் உட்காரவைத்து பெல்ட் மாட்டினேன். ஹில்டா அம்மையார் ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டு வந்தார். நாற்பத்தொன்று. சரியாக இருந்தது.

பாதி வழியில் செண்பகவல்லி பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பிரிட்டோ ஏன் பேசவே மாட்டேங்கான்?"

"நாளைக்குப் பரீட்சைல்லா. மனசுக்குள்ள படிக்கான். தொந்தரவு பண்ணாத" என்றார் அண்ணன்.

"கையெல்லாம் சொரசொரன்னு இருக்குண்ணே" என்றேன் நான்.

"குளிர் நாட்டுல தோல் அப்படித்தான் ஆகும். எனக்கும் வந்த புதுசுல இருந்திச்சு."

வீட்டுக்கு வந்ததும் ஈர உடையை மாற்றச் சொன்னோம். மாற்றவில்லை. மிளகு ரசம் வைத்துக் கொடுத்தோம். வாய் திறக்கவில்லை, எல்லாம் மோவாய் வழியாக இறங்கிவிட்டது. செண்பகவல்லி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் துளியும் இல்லை, ரொம்ப நல்ல உடம்பு என்றாள். கட்டிலில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தோம்.

ஏழு மணி இருக்கும், வெளியே இன்னும் வெயில் இருந்தது. அண்ணனின் போன் அடித்தது. புது நம்பர். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, பிரிட்டோ பேசுறேன்" என்றது ஒரு கிசுகிசுப்பான குரல். "என் போன் நனைஞ்சு போச்சு, மண்டபத்துப் போன்ல பேசுறேன். எங்களை வரிசையாப் படுக்கவெச்சு மேல துணி போட்டு மூடிட்டாங்க. அசையலாமான்னு ஹில்டா மேடத்துக்கிட்ட கேட்டுச் சொல்றீங்களா? போன் எடுக்க மட்டும்தான் இப்ப அசைஞ்சேன்."

நாங்கள் மூன்று பேரும் கட்டிலைப் பார்த்தோம். பிரிட்டோ போர்வைக்குள் அமைதியாகப் படுத்திருந்தான்.

"ராங் நம்பர் தம்பி" என்றார் அண்ணன் பொறுமையாக. "பிரிட்டோ இங்க உடம்புக்கு முடியாமப் படுத்திருக்கான். காலையில பரீட்சை வேற. அவன் பேரச் சொல்லி வெளையாடாதீங்க."

போனை வைத்த பிறகு அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகிவிட்டது. "குரலக் கேட்டா நம்ம ஊர்ப் பையன் மாதிரி இருக்கான். பாவம், எங்க மாட்டிக்கிட்டானோ."

காலையில் பிரிட்டோவைக் கிளப்புவது லேசில் முடியவில்லை. இரண்டு பேர் தோளில் தாங்கிக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மணி ஒன்பதே முக்கால். தேர்வறைக் கதவில் எழுதி ஒட்டியிருந்தது: மாணவர் மட்டும் உள்ளே வரவும், உடன் வந்தவர்கள் வெளியே அமைதியாகக் காத்திருக்கவும். உள்ளே மேசைக்கு முன்னால் அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, லேப்டாப்பைத் திறந்து வைத்து, முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம்.

அப்போது படிக்கட்டில் ஒருவன் மூச்சு வாங்க ஏறி வந்தான். தலையெல்லாம் வைக்கோல். நெஞ்சில் இரண்டாம் பரிசு ரிப்பன். மண்டபத்தைப் பெருக்க வந்த பூத்தொப்பி அம்மா, பொம்மை தும்முவதைக் கேட்டு, விஷயம் புரிந்து, தன் காரிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டிருக்கிறார்.

"என்னை ஏண்ணே விட்டுட்டு வந்தீங்க? நான்தான் பிரிட்டோ" என்றான் வந்தவன்.

எங்களுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. பார்த்தால் பிரிட்டோ மாதிரிதான் இருந்தான்.

"நேத்து பஸ்ல எண்ணித்தான் ஏத்துனாங்க. கணக்கு சரியா இருந்துச்சு" என்றாள் செண்பகவல்லி.

"நான் அவன் கையை விடவே இல்ல. துணையை விட்டுப் பிரியிற ஆளா நான்?" என்றேன்.

கோமதிநாயகம் அண்ணன் அவன் தோளில் கை வைத்தார். "பிரிட்டோவப் பத்திரமாக் கூட்டிட்டு வருவேன்னு வாக்குக் கொடுத்தேன். கூட்டிட்டு வந்திட்டேன். ராத்திரி பூரா பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டோம். இப்ப நீ வந்து, வரலைங்கிற. அப்ப அண்ணன் பொய் சொல்லுதேனா?"

வந்தவன் தலையைக் குனிந்துகொண்டான். பெரியவர்கள் சொல்லைத் தட்டி அவனுக்குப் பழக்கமில்லை. கதவிலிருந்த கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்தான். நீலக் கோட்டுக்காரன் நிமிர்ந்து, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"பயப்படவே இல்லையே" என்றான் ஆச்சரியமாக. "நான்னா இந்நேரம் கைகால் உதறியிருக்கும்."

இன்னொரு கதவைத் திறந்துகொண்டு மூன்று பேராசிரியர்கள் உள்ளே வந்து அவன் எதிரில் உட்கார்ந்தார்கள். எங்களோடு நின்றவன் கதவை விட்டு நகர்ந்து, சுவரோரமாக வந்து, சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடினான்.

"மூணாவது அத்தியாயத்துல மட்டும் கேள்வி வந்துடக் கூடாது மாதாவே" என்று முணுமுணுத்தான். "அதை அவன் சரியாப் படிக்கல."