நவமணி வைத்த இரண்டாவது கரண்டி

கிறிஸ்தவக் கோயில் பண்டிகையன்று காலை ஆராதனையில், மீன் விற்கும் நவமணி முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். கமிட்டிச் செயலாளர் பாக்கியநாதன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "மீன் வாடை தாங்கல. பின்னால போ" என்று சபை பார்க்க விரட்டினார். அவள் எழுந்து பின்வரிசைக்குப் போனாள்.

மத்தியானம் அசன விருந்து. ஏழை பணக்காரர் எல்லாருக்கும் ஒரே பந்தி, ஆளுக்கு ஒரே கரண்டி கறி. அன்றைக்குக் கறிவாளி நவமணி கையில். செயலாளர் இலைக்கு வெறும் எலும்புதான் என்று பந்தியே எட்டிப் பார்த்தது. அவளோ நல்ல சதைத் துண்டாகப் பார்த்து இரண்டு கரண்டி வைத்தாள்.

"அவருக்கு மட்டும் ஏன் ரெண்டு?" என்றார் பக்கத்து இலையில் இருந்த வேதமுத்து.

"தீமை செஞ்சவங்களுக்கு நன்மை செய்யணும்னு காலையில போதகர் பிரசங்கம் பண்ணாருல்லா அண்ணாச்சி. பின்வரிசையில எனக்கு நல்லாக் கேட்டுது."

பந்தி சிரித்தது. அவள் மூன்றாவது கரண்டியை அள்ளவும், பாக்கியநாதன் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டார். "போதும்மா. நான் செஞ்சது தப்பு. இனி முன்னாலயே உக்காரு."

வேதமுத்து மெல்லத் தன் இலையை முன்னால் நகர்த்தினார். "நவமணி, போன வாரம் உன் மீனை அழுகல்னு ஊரெல்லாம் சொன்னது நான்தான்."

"தெரியும் அண்ணாச்சி. அன்னைக்கே மன்னிச்சுட்டேன்" என்று ஒரே கரண்டி வைத்துவிட்டு அவள் அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.