போர்வைச் சாமியின் ஆடுகள்

“சாமி, இந்த ஆடும் செத்தால் நான் காவியைக் கழற்றி வைத்துவிட்டு ஊருக்கே போய்விடுவேன்” என்றார் மாசிலாமணி.

மலையடிவாரத்து மடத்தில் அவர்தான் ஒரே சீடர். குருவைவிட வயதில் மூத்தவர். குருவுக்கு ஊரார் வைத்த பெயர் போர்வைச் சாமி. வெயில் வந்து காலைச் சுடும்வரை மனுஷன் போர்வையை விட்டு வெளியே வரமாட்டார்.

மாசிலாமணி அப்படியா? கோழி கூவுமுன் எழுந்து, பச்சைத் தண்ணீரில் குளித்து, நெற்றி நிறைய நீறு பூசி, மடத்துச் செம்மறிகளை ஊர்த்தெரு வழியாக மேய்ச்சலுக்கு ஓட்டிப்போவார். குறுக்குவழி உண்டு. அதில் போனால் யார் பார்ப்பார்கள்? மணிச்சத்தத்தில் விழித்தவர்கள், சீடர் இருக்கிற இருப்பையும் பார், குரு கிடக்கிற கிடப்பையும் பார் என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு அவர் காதுக்கும் வந்தது. இனிக்கத்தான் செய்தது.

ஆடுகளோ கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாய் மெலிந்தன. வயிற்றில் புழு. வேப்பிலை அரைத்துக் கொடுத்தார், குப்பைமேனிச் சாறு புகட்டினார். புழு விழும், கொஞ்ச நாளில் மறுபடி வந்துவிடும். இரண்டு ஆடுகள் போயின. அப்போதும் குருவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விடிந்தும் தூங்குகிறவருக்கு ஆட்டைப் பற்றி என்ன தெரியும் என்ற நினைப்பு. இப்போது, மாசிலாமணி தன் கையால் பால் புகட்டி வளர்த்த செவலை ஆடு, தாடை வீங்கிப் படுத்துவிட்டது. சொல்லும்போதே பெரியவர் அழுதுவிட்டார்.

போர்வைக்குள்ளிருந்து இரண்டு கைகள் வந்தன. பக்கத்தில் கிடந்த ஆட்டுக்கயிற்றை எடுத்து, மாசிலாமணியின் காலையும் குருவின் காலையும் சேர்த்துக் கட்டின.

“இனி தினமும் இப்படித்தான் படுக்கை. நான் எழுந்தால் நீர் எழலாம். மருந்தை மட்டும் நிறுத்தாதீர்.”

கோழி கூவும். மாசிலாமணி துடிப்பார். குரு குறட்டை விடுவார். பொழுது நன்றாக ஏறிய பிறகுதான் பட்டி திறக்கும். ஊர் சிரித்தது. அவருக்கு மானம் போனது.

ஆனால் செவலையின் தாடை வற்றியது. ஒருநாள் எழுந்து வந்து அவரையே முட்டித் தள்ளியது.

“என்ன மந்திரம் சாமி?”

“பனி ஈரத்தில் புழுக்குஞ்சு புல் நுனிக்கு ஏறி நிற்கும். அப்போது மேய்ந்தால் புல்லோடு அதுவும் வயிற்றுக்குள் போகும். வெயில் வந்தால் இறங்கிவிடும். நீர் சரியாகப் பந்தி நேரத்துக்கு ஆடுகளைக் கூட்டிப்போனீர்.”

மாசிலாமணி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

“ஆடுகளுக்காகவா சாமி, ஊர் ஏச்சையெல்லாம் தாங்கிக்கொண்டு இத்தனை காலம் படுத்துக் கிடந்தீர்கள்?”

“இல்லை. தூக்கம் வந்தது, தூங்கினேன்.”

குரு போர்வையை இழுத்துக்கொண்டே கேட்டார்:

“நீர் ஆடுகளுக்காகவா எழுந்தீர்?”