ஆயிரம் நூல் பிடித்த பூதம்

முதலில் துரோகம் செய்தவன் மந்திரவாதிதான்! அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

முன்னொரு காலத்தில், கடலுக்கு நடுவே ஏழு தீவு ராஜ்ஜியம் ஒன்று இருந்தது. அங்கே முடிச்சன் என்ற பூதம் யார் வம்புக்கும் போகாமல் வாழ்ந்தது. சிநேகிதன்போல வந்தான் மந்திரவாதி. தேன் கொடுத்தான், தூங்க வைத்தான், குகைக்குள் கட்டிப்போட்டான்! அதோடு விட்டானா? ஊர் வாயையும் கட்டினான். ஒருவருக்கும் பேச்சில்லை.

"என் மெய்ப்பெயரை ஆயிரம் பேர் ஒரே நொடியில் எழுதினால்தான் எல்லாக் கட்டும் அவிழும். பெயரோ என்னைத் தவிர யாருக்கும் தெரியாது!" என்று சிரித்தான்.

முடிச்சன் சும்மா இருக்குமா? தன் தலைமுடியை ஆயிரம் நூலாக நீட்டி, வீட்டுக்கு ஒன்று அனுப்பியது. நூலில் ஓலை கட்டினால் குகைக்கு ஓடி வரும். யாருக்கான ஓலையோ அவர் நூலில் முடிச்சன் மாற்றிக் கட்டும். மூன்று முறை இழுத்துப் பார்க்கும். மறுமுனையில் ஆளில்லையா? வரும்வரை ஓலையை மடியில் வைத்திருக்கும். பிரித்துப் படிக்கவே படிக்காது.

"அத்தை, குழம்பு ஆச்சா?" என்று ஓர் ஓலை போகும்.

"ஆச்சு. வெறுங்கையோடு வராதே!" என்று பதில் ஓலை வரும்.

தீவெங்கும் ஓலையைப் பார்த்துச் சிரிப்பு. மந்திரவாதிக்குப் பொறுக்கவில்லை. குகைக்கு ஓடினான்.

"தடியா, எனக்கும் ஒரு நூல் கொடு! என்னைப் பற்றி என்ன எழுதுகிறார்கள்?"

"முதல் ஓலையின் வெளிப்பக்கத்தில் மெய்ப்பெயர் எழுதணும் சாமி. பொய் எழுதினால் நூல் சுடும்."

ஒரு பொய் எழுதினான், சுட்டது. இன்னொரு பொய், சுட்டது. மூன்றாம் தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு உண்மையை எழுதினான்.

"யாருக்கும் சொல்லாதே!"

"ஓலையில் இருக்கும் சேதியைச் சொல்ல மாட்டேன் சாமி. ஆனால், புதிதாய் வந்தவர் பெயரை எல்லாருக்கும் அறிவிப்பது இங்கே வழக்கம்."

ஆயிரம் நூலும் அதிர்ந்தன: 'மந்திரவாதி செல்லக்குட்டி வந்திருக்கிறார்!'

ஆயிரம் வீட்டிலும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஆயிரம் பேரும் அதே நொடியில் எழுதினார்கள்: 'செல்லக்குட்டியா?!'

படார்! குகை பிளந்தது. ஊருக்குப் பேச்சு வந்தது. மந்திரவாதியின் மந்திரமெல்லாம் புகையாகப் போக, தாடியைப் பிடித்துக்கொண்டு கடலில் குதித்து ஓடினான்.

முடிச்சனுக்கு ராஜா ஒரு மலையையே எழுதிக் கொடுத்தார். விடுதலையான பிறகும், ஆசையாக அது நூல் பிடிக்கிறது. ஓலைகள் பறக்கின்றன, அத்தைக்கு, மாமனுக்கு, ராஜாவுக்கு.

முடிச்சனுக்கென்று ஓர் ஓலை? ஏழு தீவிலிருந்தும் இன்னும் ஒருவர்கூடப் போடவில்லை. அது பாக்கிதான்.