மேடையேறிய தோசைத் திருப்பி

சென்னையில் ஒரு சங்கீத சபை. அதன் கேண்டீனில் ஒரு தோசைத் திருப்பி இருந்தது. மாஸ்டர் இருளப்பன் கையில் அது கல்லைத் தட்டினால் சத்தம் அரங்கம்வரை கேட்கும். சபைச் செயலாளர் ஓடி வந்து சத்தம் போடுவார். திருப்பி கூனிக் குறுகிப் போகும்.

ஒரு மார்கழி மாலை பாடகி சௌந்தரவல்லி சாப்பிட வந்தார். கீர்த்தனைகளைப் புதுப்புது விதமாக அமைத்துப் பார்ப்பவர். போன வருஷம் தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்தை மேடைக்குக் கொண்டுவந்து பாதி அரங்கைக் காலி செய்தவர். தட்டில் தோசை ஆறிக்கொண்டிருந்தது; அவர் விரலோ மேசையில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், நாளைக்கு என் கச்சேரியில நீங்க வாசிக்கணும்."

"எனக்குத் தாளமெல்லாம் தெரியாதும்மா."

"ஏழு தட்டுக்கு ஒரு தோசை திருப்புறீங்க. ஒரு தடவைகூடத் தப்பலையே!"

திருப்பிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் மேடையில் இருளப்பனோடு கல்லும் திருப்பியும் வந்து அமர்ந்ததும் மிருதங்கம் முகத்தைச் சுளித்தது. "எண்ணெய் வாடை. தள்ளி உட்கார்."

"குளித்துவிட்டுத்தான் வந்தேன் அண்ணா."

தம்பூரா மெல்லக் கிசுகிசுத்தது. "பார்த்து வாசி. இன்றைக்கு எடுபடாவிட்டால் அந்த அம்மாவுக்கு இனி இங்கே மேடை கிடையாதாம்."

பாட்டு முடிந்து, தாளம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் வந்தது. திருப்பி கூட்டத்தைப் பார்த்தது. மூன்றாவது சுற்றில் தட்டு தவறியது. முன்வரிசையில் சிரிப்பு. செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். சௌந்தரவல்லி மட்டும் சிரித்த முகத்தோடு தாளம் போட்டுக்கொண்டே இருந்தார்.

மிருதங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. "அங்கே ஏன் பார்க்கிறாய்? அடுத்த தோசையை நினை. நான் கேட்கிறேன், நீ பதில் சொல்."

தக தக என்றது மிருதங்கம். டங்கு டங்கு என்றது திருப்பி. அது குதித்தால் இது தாவியது. இருளப்பன் முகத்தில் வேர்வையும் சந்தோஷமும் சேர்ந்து வழிந்தன. கடைசித் தட்டில் அரங்கமே எழுந்து கை தட்டியது, செயலாளரும்தான்.

மிருதங்கம் மூச்சு வாங்கியது. "இருபது வருஷமாக வாசிக்கிறேன். என் தனி தொடங்கினாலே பாதிப் பேர் கேண்டீனுக்கு எழுந்து போய்விடுவார்கள். இன்றைக்கு ஒருத்தர்கூட நகரவில்லையே!"

"எங்கே போவார்கள் அண்ணா?" என்றது திருப்பி. "கேண்டீனே இங்கேதானே உட்கார்ந்திருக்கிறது!"